எட்டில் ஒரு பங்கு

நான் வாங்கிய காணியில் ஐந்து பலா மரங்களும் இருபத்திரண்டு பாக்கு மரங்களும் இருந்தன. எண்ணியது நானே. ஒரு முறை மேலிருந்து கீழே, மறுமுறை கீழிருந்து மேலே. இரண்டு தடவையும் கணக்கு ஒத்துப்போனது. பார்க்காமல் விட்டது காகிதத்தை மட்டும்தான்.

பிள்ளைகளே, கீழ்க் கிராமத்தில் நமக்கு நிலம் இருந்தும் ஏன் தோட்டத்து லயத்து அறையில் கிடக்கிறோம் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். உங்கள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் கடைசி வரை சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் இரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலையில் பால் வெட்டுவது என்று பிரித்து அனுப்புவது என் வேலை. ரப்பர் விலை விழுந்தது. வெட்டு நிறுத்திய மலைகளில் புல் ஏறியது. வாரத்துக்கு வாரம் சிலருக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இருக்கிற வீடும் இல்லை. வாங்கியவர்களில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். எங்களுக்கு அங்கே போய் இறங்க ஒரு வாசல் கிடையாது. உங்கள் அம்மா இந்த மலையிலேயே பிறந்தவள். நான் கைக்குழந்தையாக வந்தவன். மூத்தவனுக்கு அப்போது நாலு வயது, அடுத்தவள் வயிற்றில். எனக்குச் சீட்டு வருவதற்குள் தோட்ட எல்லைக்கு வெளியே எங்களுடையதென்று சொல்ல ஒரு துண்டு நிலம் வேண்டும். நினைப்பெல்லாம் அதுதான்.

கிராமத்திலிருந்து வாரம் ஒருமுறை கித்துல் கருப்பட்டி கொண்டுவரும் சிங்களப் பெரியவர் ஒருவர் இருந்தார். மெலிந்த ஆள், எப்போதும் கையில் ஒரு பழைய குடை. அவர்தான் ஒருநாள் தன் தோட்டத்தை விற்கப்போவதாகச் சொன்னார். மகள் பலாங்கொடையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், அவளோடு போய் இருக்கப் போகிறாராம். என்னை அவர் 'மாத்தயா', ஐயா என்றுதான் கூப்பிடுவார். கிராமத்தில் வேறு யாரும் தோட்டத்து ஆளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடைத்தெருவில் எங்களுக்கு இருந்த பெயர் வேறு. அதனால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த விதத்தில் சோதித்துப் பார்த்தேன். ரப்பர்த் தோட்டத்தில் மண்தான் முதல், காகிதம் பிறகு. மலையில் எத்தனை மரம் நிற்கிறது என்று நடந்து எண்ணுவோம், அதைத்தான் புத்தகத்தில் எழுதுவோம். புத்தகமும் மலையும் ஒத்துப்போகாவிட்டால் துரை புத்தகத்தைத்தான் திருத்தச் சொல்வார். அந்தப் பழக்கத்தில் மரங்களை எண்ணினேன். வேலியோரம் சுற்றி வந்தேன். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்தேன். நாலு பக்கத்து வீடுகளுக்கும் போய் இது யாருடைய இடம் என்று கேட்டேன். நாலு வீட்டிலும் பெரியவரைத்தான் காட்டினார்கள். ஒரு வீட்டில் வெற்றிலைகூடக் கொடுத்தார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே குடியிருந்தவர் அவர்தான், அதைத்தான் சொன்னார்கள். அந்த நாலு வீட்டுக்காரர்களும் அவருக்குத் தங்கை, தம்பி, பெரியப்பா மக்கள் என்பதை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் பலா மரங்களைப் பற்றி ஒரே பேச்சு. அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மரம் இருக்குங்க. எழுத்துல என்ன இருக்குன்னு யாராச்சும் படிச்சுச் சொன்னாங்களா?"

"நொத்தாரிசு படிப்பாரு."

"நொத்தாரிசு எழுதுறவரு. நாம படிக்க வேணாமா?"

"ஒனக்கு எல்லாரும் கள்ளனாத்தான் தெரியும்."

"கள்ளன்னு நான் சொல்லல. அவரு மாத்தயாங்கிறாரு, ஒங்களுக்குக் காது அடைச்சுப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அவள் உண்மையைச் சொன்னதால்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் அவள் தன் வளையல்களைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். அவற்றை விற்றுத்தான் காணிக்குப் பணம் கட்டினேன்.

துரையிடம் ஒருநாள் லீவு கேட்டுக்கொண்டு பெரியவரோடு இரத்தினபுரிக்குப் போனேன். காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். சிங்களத்தில் எழுதி, சிங்களத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சிங்களம் எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. அதனால் காதால் மட்டும் கேட்டேன். 'பிரிக்கப்படாத எட்டில் ஒரு பங்கு' என்று அவர் வாசித்தது எனக்குப் புரியத்தான் செய்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் அரசாங்கக் கந்தோர்க் காகிதத்தில் எல்லாம் இப்படித்தான் சுற்றி வளைத்து எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணில் பலா மரங்கள் நின்றன.

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார். சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பதிவுக் கந்தோர்ப் புத்தகத்தைப் பார்க்கட்டுமா? இந்தக் காணியில் இன்னும் யார் யாருக்குப் பங்கு உண்டு என்று அதில் இருக்கும். நாளைக்குத்தான் முடியும்."

பெரியவர் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில், உம்மை நம்பவில்லை, புத்தகத்தைப் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? என் லீவும் அன்று சாயந்தரத்தோடு சரி. அந்த நாட்களில் லீவு ஒருநாள் கூடிப்போனால் அதுவே பற்றுச்சீட்டுக்குக் காரணமாகிவிடும் என்ற பயம். வேண்டாம் என்றேன்.

"வேண்டாம் என்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்" என்றார் நொத்தாரிசு.

எழுதினார். புத்தகத்தைப் பார்க்க வேண்டாமென்று நானே கேட்டுக்கொண்டதாக எழுதியிருந்த அந்த வரிக்குக் கீழே தமிழில், எழுத்து அழகாக வர வேண்டுமென்று மெதுவாகக் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதத்தில் எனக்குச் சீட்டு வந்தது. மற்றவர்கள் அழுதுகொண்டு போனார்கள், நாங்கள் தலைச்சுமையோடு கீழே இறங்கி நம் நிலத்துக்குப் போனோம். பெரியவரின் பழைய குடிசை மழையில் இடிந்துபோயிருந்தது. வரிச்சு கட்டி, மண் அப்பி, இலுக்குப் புல் வேய்ந்து இரண்டு அறை வீடு. கட்டியது பெரும்பாலும் உங்கள் அம்மாதான். நான் கிராமத்தார் ரப்பர் மரங்களைக் கூலிக்கு வெட்டப் போனேன். வயிற்றிலிருந்தவள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். கதவு அடைத்துப் படுத்தால் காலையில் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்காது. அதுவே பெரிய சுகம் என்பாள் உங்கள் அம்மா. எழும்பச் சொல்ல ஆளில்லாத வீட்டில் அவள் முன்னைவிடச் சீக்கிரம் எழும்பினாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு கோர்ட்டிலிருந்து ஒரு காகிதம் வந்தது. இந்தத் தடவை கிராமத் தலைவரான ஆராச்சியிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். கேகாலைப் பக்கம் இருந்த பெரியவரின் அக்காள் மகன், முழுக் காணியையும் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி வழக்குப் போட்டிருந்தான். நான் என்னுடையதென்று எண்ணிய தோட்டம், நாலு பக்கத்து வீடுகள், ஓடைவரை உள்ள சரிவு எல்லாம் சேர்த்து ஒரே காணி. அதில் எனக்கு எட்டில் ஒன்று. எந்த எட்டில் ஒன்று என்று உறுதியில் எங்கும் இல்லை. அதைக் கோர்ட்டுத்தான் சொல்லும்.

சர்வேயர் சங்கிலியோடு வந்த நாளில் பெரியவரும் பலாங்கொடையிலிருந்து வந்திருந்தார். அக்காள் மகனோடு அவர் எனக்காகச் சண்டை போட்டார். மனிதன் வீடு கட்டிய இடத்தை அவனுக்கே விடுங்கள் என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"என் பங்கைத்தானே மாத்தயாவுக்கு விற்றேன். நொத்தாரிசு வாசித்தாரே. மாத்தயா கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?"

அவர் ஏமாற்றவில்லை. நாற்பது வருஷம் குடியிருந்த மூலையைத் தன் பங்கு என்று அவரும் நம்பித்தான் இருந்தார். அவரைத் திட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

வீடும் கிணறும் ஐந்து பலாவும் அக்காள் மகனுக்குப் போயின. எனக்கு ஓடைக்கரைத் துண்டு. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், அதில் வீடு கட்ட முடியாது. வீட்டுக்கென்று ஏதோ நட்டஈடு கொடுத்தார்கள். உங்கள் அம்மா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த உங்கள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புக் கல்லைப் பெயர்த்து எடுத்தாள், பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே போட்டுவிட்டாள்.

வேறொரு தோட்டத்துத் துரையிடம் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை வேலை இல்லை, பால் வெட்ட ஆள் வேண்டும் என்றார். லயத்தில் ஒரு காம்பரா, ஒரே அறை, கொடுத்தார். நீங்கள் வளர்ந்தது அதில்தான்.

போன மாதம் இரத்தினபுரிக்கு மருந்து வாங்கப் போனபோது என்னவோ தோன்றிப் பதிவுக் கந்தோருக்குள் நுழைந்தேன். நொத்தாரிசு நாளைக்கு ஆகும் என்று சொன்னாரே, ஆனால் நான் போன நாளில் கூட்டமில்லை. காணியின் பெயரைச் சொன்னேன். குமாஸ்தா ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து வாசித்துக் காட்டினார். எட்டுப் பங்குக்காரர்களும் வரிசையாக இருந்தார்கள். நான் வாங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே எழுதியிருந்தது. கடைசியில் என் பெயரும் இருந்தது. வெயில் உச்சிக்கு வருமுன்னே வெளியே வந்துவிட்டேன்.

லயத்துக்கு வந்ததும் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்தேன், எல்லாம் அதில் இருக்கிறது என்றேன். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டாள். காலையில் மட்டும் வேலை செய்தவர்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் பேர்ப்புத்தகத்தில் அரைப்பேர் என்று எழுதுவோம், அந்தக் கணக்கில்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"அரைப்பேர் வேலைதான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அரைப்பேரா?" என்றாள்.

பிறகு கிழங்கை மறுபடி எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் காணியைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.