நித்யா போடாத டிக்

அந்தப் படிவத்தில் டிக் போட்டது நான். நித்யா அல்ல. மூன்று வருடங்களாகத் தன் கைதான் போட்டது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி நம்பவைத்தவளும் நானேதான்!

திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நர்ஸ் நான். கர்ப்பிணிகளுக்கு இரத்தப் பரிசோதனையை விளக்கிக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. பிள்ளையின் குரோமோசோம்களில் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று தாயின் இரத்தத்திலேயே பார்க்கிற சோதனை அது. வாய்ப்பைத்தான் சொல்லும், உறுதி சொல்லாது. டவுன் சிண்ட்ரோம் எல்லோருக்கும் பார்ப்பார்கள். பாலின குரோமோசோம்களையும் பார்ப்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. வேண்டும், வேண்டாம்... அது தாயின் விருப்பம்.

விருப்பமாவது ஒன்றாவது! காலையில் வந்ததும் ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து, எல்லாவற்றிலும் 'வேண்டும்' என்று டிக் போட்டு வைத்துவிடுவேன். வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

நித்யா கேட்டாள். ஸ்ரீரங்கத்துப் பெண், கணவனுக்குக் கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடை. "சிஸ்டர், டவுன் மட்டும் பாத்தா போதுங்க. மத்ததெல்லாம் தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? எங்க வீட்டுல ஒண்ணுன்னா பத்தாக்குவாங்க."

"சரிம்மா" என்றேன். டிக் போட்ட படிவத்தையே நீட்டினேன். வேறொன்று எடுக்கச் சோம்பல்... வெறும் சோம்பல்! அவளும் என்னை நம்பிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. பாலின குரோமோசோமில் கோளாறு இருக்க அதிக வாய்ப்பு. இன்ன கோளாறு என்று சொன்னால் ஆணா பெண்ணா என்பது வெளிப்பட்டுவிடும். அதனால் எங்கள் சென்டரில் கோளாறின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "மூணு வாரம் கழிச்சு பனிக்குட நீர் எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும். இப்படி இருக்குற பல பிள்ளைங்க எல்லாரையும் போலத்தான் வளருதுங்க" என்றார் டாக்டர்.

நித்யாவோடு வந்திருந்த மாமியார் அதைக் காதில் வாங்கவேயில்லை. "அப்ப ஆணும் இல்லாம, பொண்ணும் இல்லாமயா? வீதியில நாங்க தலை காட்ட வேணாமா?"

அது அப்படியல்ல என்று எனக்குத் தெரியும். எடுத்துச் சொல்வது என் வேலையும்கூட. சொன்னேனா? வாயைத் திறந்தால் படிவத்தின் பேச்சு வருமே என்று ஊமையாக நின்றேன்.

நித்யா என்னைப் பார்த்தாள். "நான்தான் வேணாம்னு சொன்னேனே சிஸ்டர்?"

அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம்... படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன். "பாருங்கம்மா, டிக் இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. பதட்டத்துல போட்டிருப்பீங்க."

வெகு நேரம் அதையே பார்த்தாள். "நானாத்தான் போட்டிருப்பேன் போல" என்றாள். பக்கத்தில் நின்ற கணவன் அவளை முறைத்தான்.

அந்த வாரமே வேறோர் ஆஸ்பத்திரியில் கலைத்துவிட்டார்கள். மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நித்யா கெஞ்சியிருக்கிறாள். "வம்பை வெலைக்கு வாங்குனவளே நீதானே!" என்று கணவன் வாயை அடைத்துவிட்டானாம். இதை அவளே பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதாள். அந்தப் பிள்ளைக்கு உண்மையில் ஏதாவது இருந்ததா? யாருக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

வேலை போய்விடும் என்ற பயமா என்று நீங்கள் கேட்கலாம். போயிருக்காது. டாக்டர் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். நாலு வார்த்தைக்குப் பயந்து... சீ, நானும் ஒரு மனுஷியா!

போன மாதம் மறுபடி வந்தாள். மீண்டும் உண்டாகியிருக்கிறாள். இப்போதெல்லாம் நான் முன்கூட்டி டிக் போட்டு வைப்பதில்லை. பேனாவை நீட்டி, "நிதானமாப் படிச்சு நீங்களே போடுங்கம்மா" என்றேன்.

அவள் பேனாவைத் தொடவில்லை.

"வேணாம் சிஸ்டர், டவுன் மட்டும்னு நீங்களே பாத்துப் போட்டுருங்க. என் கையை நம்பித்தானே ஒண்ணைத் தொலைச்சேன்."

'வேண்டாம்' கட்டத்தில் டிக் போட்டேன். அவள் அதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர், உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.