பிழைகள் பெட்டிக்குள் வந்த கடிதம்

போரின் கடைசி வருடங்களில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். அங்கிருந்த கணினியில் தமிழ் ஒழுங்காக வராது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிவிடும். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மென்பொருளைச் செய்பவர்களின் இணையத்தளத்தில் 'எழுத்து உடைகிறது' என்ற தலைப்பில் பிழை அறிக்கை ஒன்று எழுதிப் போட்டேன்; அதற்கு ஒரு எண்ணும் கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆர்வக்கோளாறு, எழுத்துரு பற்றி உலகத்தில் யார் என்ன முறையிட்டாலும் எனக்கும் ஒரு மின்னஞ்சல் வர வேண்டும் என்று பதிந்துகொண்டேன்.

வந்து குவிந்தன. தொலைபேசிக் கம்பி வழியாக அவ்வளவும் இறங்கி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஒரு நாள் கோபத்தில் வடிகட்டி ஒன்று அமைத்தேன். தலைப்பில் பிழை எண் இருக்கும் அஞ்சல் எதுவானாலும், 'பிழைகள்' என்ற பெட்டிக்குள் போய், வாசித்ததாகவே குறிக்கப்பட்டுக் கிடக்கட்டும். அன்றிலிருந்து நிம்மதி. என் கெட்டித்தனத்தை அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு குடாவுக்கு அப்பால், மூதூரில் சண்டை தொடங்கியது. என் தங்கை அங்கேதான் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள், கணவர் வெளிநாட்டில். தொலைபேசி செத்துவிட்டது, படகும் ஓடவில்லை. ஷெல் விழும் சத்தத்தில் அலுவலகக் கண்ணாடி அதிர்ந்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் அஞ்சலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவும் மனம் வரவில்லை. பயந்து போயிருந்தேன், அதை மறைக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

பக்கத்து மேசைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், பொறுமைசாலி.

"தங்கச்சிக்கு மெயில் போடத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம். ஆனா புதுசா ஒண்டு எழுத ஏலாது அவவுக்கு. நான் கடைசியா அனுப்பினதைத் திறந்து அதுக்கே பதில் போடுவா, அந்தப் பழைய தலைப்போட. எத்தினை தரம் ஏசியிருப்பன்!"

"அப்ப நீங்கள் கடைசியா என்ன அனுப்பினனீங்கள்?"

அப்போதுதான் உறைத்தது. உடைந்த 'கொ'வைக் காட்டிச் சிரிப்பதற்காக, என்னுடைய பிழை அறிக்கையைத்தான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். தலைப்பில் அந்த எண்ணோடு.

பிழைகள் பெட்டியைத் திறந்தேன். முன்பின் தெரியாத நூறு பெயர்களுக்கு நடுவே அவளுடைய பெயர். முந்தாநாளே வந்திருக்கிறது. நான் வாசித்துவிட்டதாகக் குறி வேறு. உள்ளே, ஆங்கில எழுத்தில் தமிழ்:

"அண்ணா, நாங்கள் மூண்டு பேரும் கந்தளாய்க்கு வந்திட்டம். பள்ளிக்கூடத்தில இருக்கிறம். ஒருத்தருக்கும் காயமில்லை. பக்கத்து இன்ரநெற் கடையில இருந்து எழுதுறன்."

அதற்குக் கீழே, மறுநாள் வந்த இன்னொன்று:

"ஏன் பதில் இல்லை? என்னோட கோவமோ?"

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வெட்கமாகவே இல்லை. அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. கிண்ணியாக்காரர் என் பார்சலைப் பிரித்து முன்னால் தள்ளினார்.

"இனிச் சாப்பிடுங்க," என்றார்.

சாப்பாடு இருக்கட்டும் என்று, முதலில் அந்த வடிகட்டியை அழித்தேன். பிறகு அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். புதிய அஞ்சல் திறக்கவில்லை. எழுத்து உடைகிறது என்ற அதே தலைப்பின் கீழேயே, "கோவமில்லையம்மா" என்று தொடங்கினேன்.