சகலை வருவதற்குள் ஒரு கதவு

போன சனிக்கிழமை காலை, கையில் ஸ்க்ரூடிரைவரோடு என் வீட்டுக் குளியலறையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். பாதி வேலை முடிந்திருந்தது. மீதியைத் தொடக்கூடாது. ஏன்? மணி ஒன்பது... ராகு காலம் பிறந்துவிட்டது!

விவகாரம் ஆறு நாளைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டில், வாஷ்பேசினுக்கு மேலே சுவருக்குள் பதித்த சின்ன அலமாரி ஒன்று இருக்கிறது. பற்பசை, ஷேவிங் சாமான், என் பிரஷர் மாத்திரை எல்லாம் அதில்தான். ஈரத்தில் கீல் இரண்டும் துருப்பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை கதவு என் கையோடு வந்துவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் ஆளைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் சனிக்கிழமை கிள்ளானிலிருந்து மனைவியின் அக்காவும் சகலையும் வருகிறார்கள். எங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோயில் முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கியாம். தங்கல் எங்கள் வீட்டில்.

சகலை என்றால் சாதாரண சகலை இல்லை. குழாய், ஃபேன், வாஷிங் மெஷின் - அவர் கைபட்டால் எதுவும் ஓடும் என்று குடும்பத்தில் பெயர். நான் யார்? பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் முப்பது வருஷம் குவாலிட்டி செக்கிங். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். சொந்தமாக ஒரு பொருளைச் செய்ததாக ஞாபகம் இல்லை.

இது தெரிந்தும் என் மனைவி போனில் அக்காவிடம் என்ன சொன்னாள் தெரியுமா? ஆளெல்லாம் வேண்டாமென்று அவரே கதவு மாட்டுகிறார் என்று சொல்லிவிட்டாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை! போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவையாச்சும் அக்கா முன்னாடி என்னைத் தலைநிமிர விடுங்களேன்."

அதட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். கெஞ்சிவிட்டாள். அதற்கப்புறம் ஆளைக் கூப்பிட மனசு வருமா, சொல்லுங்கள்.

திங்கட்கிழமை ஹார்ட்வேர் கடைக்குப் போய், பார்க்க அழகாக இருந்த கீல் இரண்டை வாங்கி வந்து மாட்டினேன். கதவு மூடவில்லை. சட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மறுநாள் திரும்பப் போனபோது கடைக்காரச் சீனர் என் போனில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் வாங்கியது சமையலறை அலமாரிக்குப் போடுகிற கீலாம். சுவருக்குள் உட்கார்ந்த அலமாரிக்குக் கதவு சட்டத்துக்குள்ளேயே அடங்கவேண்டும். அதற்குக் கழுத்து நன்றாக வளைந்த கீல்தான் சரி. "இது சிம்பிள் லா" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

சிம்பிள்தான். புதன்கிழமை மாட்டியபோது மேல் மூலை டைல்ஸில் இடித்தது. வியாழக்கிழமை மேல் மூலை சரியானது, கீழ் மூலை இடித்தது. அரை மில்லிமீட்டர் தப்பு என்று எத்தனை பேர் வேலையை ரிஜெக்ட் செய்திருப்பேன்! அவர்களில் ஒருவராவது அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருந்தால் வயிறு குளிர்ந்திருக்கும்.

சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேல் கீல் கச்சிதமாக உட்கார்ந்தது. கீழ்க் கீலை எடுக்கும்போது மனைவி வந்து கடிகாரத்தைக் காட்டினாள். பத்தரை வரை எதையும் முடுக்கக்கூடாது என்று உத்தரவு. ஏற்கெனவே ஆரம்பித்த வேலைக்கு ராகு காலம் கிடையாது என்று வாதாடிப் பார்த்தேன். சாமி காரியமாக வருகிறவர்கள் வருகிற நேரத்தில் வேண்டாம் என்று முடித்துவிட்டாள். செல்லோடேப்பை எடுத்துக் கதவின் கீழ்ப்பகுதியை ஒட்டிவைத்தேன். விருந்தாளிகள் வந்ததும் ராகு காலம் முடியும்வரை பேச்சுக் கொடுத்தே உட்கார வைத்துவிடலாம் என்று கணக்கு.

பத்து மணிக்குக் கார் வந்தது. கிள்ளானிலிருந்து நாலு மணி நேரம் காரில் வருகிறவர்கள் முதலில் எங்கே போவார்கள்? அக்கா நேரே குளியலறைக்குப் போனார்.

சகலை சோபாவில் உட்கார்ந்து ஏர்கான் சர்வீஸ் பற்றி விளக்க ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... அக்கா வரவில்லை. நைசாக எழுந்து போனேன். குளியலறைக் கதவு லேசாகத் திறந்து ஒரு கை நீண்டது.

"தம்பி, அந்தப் பெரிய ஸ்க்ரூடிரைவர் எங்க?"

கொடுத்தேன். வேறென்ன செய்வது? எட்டிப் பார்த்தால், அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழ்க் கீலை முடுக்கிக்கொண்டிருந்தார். திறந்தார், மூடினார். ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினார். கதவு சட்டத்துக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணமான புதுசுல ஒரு ஃபேன் மாட்டினேன். அவருதான் மாட்டினாருன்னு மாமியார்கிட்ட சொல்லிட்டேன். அப்படியே ஒட்டிக்கிச்சு, தம்பி. தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அவரு பேரு கெட்டுடும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ராகு காலமாச்சே என்றேன். கிள்ளானில் அதையெல்லாம் பார்த்தால் ஒரு குழாயும் மூடாது என்றுவிட்டுக் கையைக் கழுவினார்.

சாப்பாடு முடிந்ததும் மனைவி சகலையைக் கூட்டிப்போய்க் கதவைக் காட்டினாள். மூன்று தடவை திறந்து மூடினாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! அதைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவள் காபி போடப் போனாள். சகலை அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கீழ்க் கீல் ஸ்க்ரூக்களின் தலையில் இருந்த கூட்டல் குறிகள் எல்லாம் நேராக நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை. தலையை வெளியே எடுத்தார்.

"எங்க வீட்டு ஸ்க்ரூ எல்லாம் இப்படித்தான் நிக்கும்" என்றார் மெதுவாக. பிறகு என் தோளைத் தட்டி, "நான் ஒண்ணும் பார்க்கல" என்றார்.

வருஷக்கணக்காக இந்த மனிதரிடம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பிப் போனார்கள். கார் தெருமுனை திரும்புவதற்குள், சமையலறை அலமாரிக் கதவும் ஆடுகிறது, அதையும் நீங்களே பார்த்துவிடுங்கள் என்றாள் மனைவி. நான் யோசிக்கவே இல்லை.

"அக்காவைத் தீபாவளிக்கு வரச் சொல்லேன். ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அக்காவை நானாகக் கூப்பிட்டதே இல்லையாம். கண் கலங்கிவிட்டாள்.

நான் எழுதுவதை என் வீட்டில் யாரும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் சொன்னேன்... நீங்களும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்!