சாம்பலுக்குப் படங்கு

மகள் பல்கலைக்கழகத்தில் நனோப் பொருட்களை ஆராய்கிறாள். உமிச் சாம்பல் கிடைத்தால்தான் அவளுடைய வேலை நகருமாம். இன்று சாக்கோடு மாவடிப்பள்ளி அரிசி ஆலைக்குப் போனேன்.

இத்தனை காலமும் சாம்பலை வீதியோரம் கொட்டிய முதலாளி, அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்: "என்னத்துக்குக் காக்கா?"

"மகள் கண்ணுக்குத் தெரியாத துகள் எடுக்கப் போறாவாம்."

"கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு ஒரு சாக்கா? உள்ளதைச் சொல்லுங்க, தங்கமா கிடக்கு?"

"அல்லாஹ்வுக்காக, எனக்கும் விளங்கல்ல."

எட்டாம் வகுப்போடு நின்ற நான் சொன்ன உண்மை, சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. ஒரு சின்னப் பை சாம்பல்தான் தந்தார். திரும்பிப் பார்த்தால், குவியலைப் படங்கு போட்டு மூடுகிறார்!

வீட்டில் மெதுவாகக் கேட்டேன்: "மகள், வாப்பாக்கு மட்டும் சொல்லுங்க, உள்ளுக்கு என்னதான் கிடக்கு?"

சிரிக்கிறாள்.

எதற்கும் எங்கள் அடுப்புச் சாம்பலை நான் இன்று கொட்டவில்லை. நீங்கள் கொட்டிவிட்டீர்களா?