ஐந்து பூட்டுக் கழி

கண்ணாடிக்காரருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. பதினோரு வருஷம் கயிற்றில் தொங்கியபடி மாடி மாடியாக ஜன்னல் கழுவியவர். கீழே பார்த்தால் தலை சுற்றாதா என்று யாராவது கேட்டால், "கீழ பார்க்கவா சம்பளம் குடுக்கறாங்க?" என்பார். ஒருநாள் கயிறு நழுவி, மூன்றாம் மாடி விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினார். அன்றோடு அந்த வாய்ச்சவடால் ஒழிந்தது.

விஷயம் தெரிந்து மனைவி அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. "இனிமே உங்க கால் தரையில இருக்கணும். என் தம்பி காலும் தரையில இருக்கணும். வேற எதுவும் நான் கேக்கல," என்றாள். அவளுக்கு உடன்பிறப்பு அவன் ஒருவன்தான். பெற்றோர் போனபின் அவளே வளர்த்து ஆளாக்கியவன், இப்போது இவருக்குத் தொழில் கூட்டாளி. ஆறடிக்கு மேல் வளர்ந்ததால் ஊருக்கெல்லாம் நெட்டை. "உன்னை நிறுத்தி வச்சே முதல் மாடியைக் கழுவிடலாம்டா," என்று இவர் சீண்டுவார்.

அப்படித்தான் கழி வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு குழாய், இடையில் ஐந்து பூட்டு. இழுத்துப் பூட்டினால் நாலாம் மாடி எட்டும், உச்சியிலுள்ள பிரஷ்ஷில் தண்ணீர் பீய்ச்சும். முதல் கழி பிணமாகக் கனத்தது. தோள்பட்டை தாங்காமல் கார்பன் கழிக்கு மாறினார்கள்.

விற்றவர் அப்போதே எச்சரித்தார். "இதுல கரண்ட் பாயும். ஒவ்வொரு தடவையும் மடக்கிட்டுத்தான் நகரணும்."

மடக்குவதென்றால் ஐந்து பூட்டையும் அவிழ்த்து, இறக்கி, அடுத்த ஜன்னலில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு கட்டடத்துக்கு நாற்பது ஜன்னல். நெட்டை முணுமுணுக்காமல் மடக்குவான். பொறுமை இல்லாதவர் இவர்தான்.

அன்று ஓர் அலுவலகத்தின் பின்சுவர். மழை இருட்டிக்கொண்டு வந்தது, இன்னும் மூன்று ஜன்னல் பாக்கி.

"மடக்காத மாப்ள. நாலு எட்டுதானே, அப்படியே தூக்கிட்டு நட."

"மூலையில கரண்ட் கம்பி போகுது மாமா."

"நான் பார்த்துக்கறேன். நீ நட."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் தண்ணீர் ஓஸ் ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடக் குனிந்தார். தலைக்கு மேல் டப்பென்று ஒரு சத்தம். நிமிர்ந்தபோது நெட்டை ஈரத்தரையில் கிடந்தான், பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் அவர் தனியாக வந்து நின்றதைப் பார்த்ததுமே மனைவி எழுந்து ஓடி வந்தாள். அவர் சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவனை மேல ஏத்துனீங்களா?"

"இல்லம்மா. தரையிலதான் நின்னான்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க? நான் கேட்டதைக் காப்பாத்தினீங்க," என்று அவர் தோளில் முகம் புதைத்துக் கதறினாள்.

அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மடக்காதே என்று சொன்னது தான்தான் என்பதை அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.