ஓரகத்தியின் வாணலி

கேன்டீன் சமையல்காரிக்குத் தன் இரும்பு வாணலி என்றால் உயிர். கழுவியதும் ஈரம் போக அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவித்தான் எடுத்து வைப்பாள். அதை இரவல் வாங்கிய ஓரகத்தி, மழையில் போட்டுத் துருவேற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

"இரும்புன்னா துருப்பிடிக்கத்தானே செய்யும்? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறியே!" என்று இளிப்பு வேறு.

சமையல்காரி உப்பு போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசிப் பூசிச் சூடாக்கி, வாணலியை மீட்டுவிட்டாள். அந்த இளிப்பை மட்டும் மறக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஓரகத்தி தன் துருப்பிடித்த வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் தேச்சுக் குடேன். நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட வர்றாங்க."

பொட்டுத் துரு இல்லாமல் தேய்த்தாள் சமையல்காரி. ஆனால் எண்ணெயைக் கண்ணில்கூடக் காட்டாமல், ஈரத்தோடு கொடுத்தாள்.

"உன்னுது கன்னங்கரேல்னு இருக்கு. என்னுது வெள்ளி மாதிரி மின்னுது பாரு!" பூரித்துப் போனாள் ஓரகத்தி.

மறுநாள் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையிலிருந்த வாணலி செம்மண் பூசியது போல இருந்தது. "சம்பந்திங்க வர்ற நேரம், என்னடி இது?"

சமையல்காரி தன் வாணலியில் முட்டையை ஒட்டாமல் புரட்டிப் போட்டாள்.

"இரும்புன்னா துருப்பிடிக்கத்தானேக்கா செய்யும்? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறீங்களே!"