சாஆ செம்பனை நிழலில் ஒரு மாட்டின் ஏப்பம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை சாஆ என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள் சரோஜா அக்கா அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஆறு மாடு வளர்த்துப் பால் விற்கிறார். பால் வற்றிய கிழட்டு லட்சுமியைக் குர்பானிக்கு வாங்க அன்று ஆள் வருவதாக இருந்தது. "நீ வந்து பக்கத்துல நில்லு, எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார்.

நான் இருக்கும் ஸ்கூடாயிலிருந்து சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் காரில் கிளம்பினேன். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஒரே பனிமூட்டம். நான் நின்றுகொண்டிருக்க, செம்பனைகள் வரிசையாக நடந்து போகின்றன என்றே தோன்றியது. தூங்கிவிட்டேனோ என்று பயந்து கண்ணாடியை இறக்கினேன். ஈரமண் வாசம் வந்தது.

லட்சுமி நிழலில் படுத்து அரைக்கண்ணோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே ஓர் ஏப்பம். மீத்தேன் பெரும்பாலும் அந்த ஏப்பத்தில்தான் வருகிறது, பலர் நினைப்பதுபோலப் பின்பக்கமாக அல்ல. கரியமில வாயுவைவிடப் பூமியைப் பல மடங்கு சூடேற்றும். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும். அக்காவுக்குப் போனில் இதைச் சொன்னவளே நான்தான். வெள்ளத்தில் இரண்டு தடவை கொட்டகை மூழ்கியதிலிருந்து அவர் இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்பார்.

"பாலும் குடுக்கல, ஏப்பம் மட்டும் விடுது. உன் கணக்குப்படி இதத்தானே முதல்ல அனுப்பணும்?"

"கணக்கு அப்படித்தான்க்கா" என்றேன். சொல்லும்போது லட்சுமியைப் பார்க்கவில்லை.

மாட்டை வாங்கக் கம்பத்துக்காரர், பக்கத்து மலாய்க் கிராமத்தவர், லாரியோடு வந்தார். அக்கா கயிற்றை அவிழ்த்தார், கையில் சுற்றிக்கொண்டார், கொடுக்கவில்லை. "தாக் ஜாடி, பாங்" என்றார். வேண்டாம் அண்ணே, விற்கவில்லை என்று அர்த்தம். வந்தவர் கோபிக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

லாரிச் சத்தம் அடங்கியதும் அக்கா சொன்னார்: "இனிமே எதையும் சினைக்கு விடமாட்டேன்டி. இருக்கிறது இருந்துட்டுப் போவட்டும். நிறுத்தினா காத்து சீக்கிரம் தெளியும்னு நீதானே சொன்ன?"

"அப்புறம் பால் ஏதுக்கா? யாவாரம்?"

"உன் வீட்டுக்கு வந்துடறேன். சோறு போடமாட்டியா லா?" சிரித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பனி அதற்குமேல் நிற்காது. சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ் அவசியம், கொசுவும் பிய்த்துவிடும். பிள்ளைகளிடம் மட்டும் கன்றுக்குட்டி காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். கடைசிக் கன்றும் வளர்ந்துவிட்டது.